கதவு தட்டப்படும்போது: கொழும்பில் புதிதாக வீடு எடுத்தவர்களுக்கு

ஊரில் எங்கள் வீட்டுக்கு யாராவது அதிகாரி வந்தால் அப்பா சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு படலைக்குப் போவார். எனக்கு அதில் ஒரு வேலையும் இருந்ததில்லை. கல்யாணம் முடித்து வெள்ளவத்தையில் இரண்டு அறை ஃப்ளாட் ஒன்றுக்கு வந்த மூன்றாம் நாள், பகல் பதினொரு மணி போல் கதவு தட்டுப்பட்டது. இவர் வேலைக்குப் போயிருந்தார். கையில் ஃபைலோடு ஒருவர் நின்று, "நோனா, கெதர ப்ரதானியா கவுத?" என்றார். வீட்டுக்குத் தலைவர் யார் என்று கேட்கிறார். எனக்கு அப்போது அரைகுறைச் சிங்களம். "அவர் ஒஃபிஸ் போயிட்டார்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். அந்த மனிதர் அந்த வருடம் திரும்பி வரவில்லை. அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அரசாங்கப் படிவங்களில் இந்த ஆளுக்குப் பெயர் 'பிரதம குடியிருப்பாளர்'. நாங்கள் 'வீட்டுக்காரர்' என்றால் வீட்டுச் சொந்தக்காரரையும் குறிக்கும், புருஷனையும் குறிக்கும். அதனால்தான் இந்தக் குழப்பம். பிரதம குடியிருப்பாளர் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை, வாடகைக்கு இருப்பவரும் ஆகலாம். ஆணாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. பகலில் வீட்டில் இருப்பவர் யாரோ, படிவம் நிரப்பப் பொறுமை உள்ளவர் யாரோ, அவர் பெயரைப் போடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அது நான்தான்.

முதலாவது: சாமான் இறக்குவதற்கு முன்

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னிலையில் கையெழுத்தாக வேண்டும். இது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தில் இருந்து வருகிற விதி. புரோக்கர் கொண்டுவரும் முத்திரை ஒட்டிய ஒற்றைத் தாளை நம்பி ஆறு மாத, ஒரு வருட அட்வான்ஸைக் கொடுத்துவிடாதீர்கள். நொத்தாரிசுக் கட்டணத்தை யார் கொடுப்பது என்பதையும் முதலே பேசிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துக்கு முன் சொந்தக்காரரிடம் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: "இந்த விலாசத்தில் எங்கட பெயரைப் பதிய உங்களுக்குச் சம்மதமா?" சிலருக்குப் பயம். பெயர் பதிந்தால் குடியிருப்பவர் எழும்ப மாட்டார் என்று யாரோ சொல்லி வைத்திருப்பார்கள். சம்மதிக்காத வீடு எவ்வளவு காற்றோட்டமாக இருந்தாலும், பிள்ளைகள் உள்ளவர்கள் எடுக்காமல் விடுவதே நல்லது என்பது என் எண்ணம்.

திறப்பு வாங்கும் அன்றைக்கே கரண்ட் மீற்றரையும் தண்ணீர் மீற்றரையும் போனில் படம் எடுங்கள். முந்தைய ஆட்களின் கடைசிப் பில்களையும் வாங்கிப் பாருங்கள். அப்புறம் ஒரு சின்னச் சோதனை: வீட்டில் எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டுத் தண்ணீர் மீற்றரில் உள்ள சின்னச் சக்கரத்தைப் பாருங்கள். அது சுற்றினால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் கழிப்பறைத் தொட்டிதான். திருத்திக் கொடுத்த பிறகு குடிவாருங்கள்.

மரைன் டிரைவ் பக்கம் வீடு என்றால் ஜன்னல் கிரில்லைக் கையால் ஆட்டிப் பாருங்கள். கடற்காற்று இரும்பைத் தின்றுவிடும். மேலே பெயின்ட் புதிதாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

இரண்டாவது: ஜி.எஸ்.ஐத் தேடிப் போவது

யாழ்ப்பாணத்தில் விதானையார் என்போம், இங்கே எல்லோரும் ஜி.எஸ். என்பார்கள், காகிதத்தில் கிராம அலுவலர். கொழும்பில் கிராமம் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள், பதவியின் பெயர் அது. வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்குள் வருகிறது, கொட்டாஞ்சேனை கொழும்புப் பிரதேச செயலகத்துக்குள். தெஹிவளை என்றால் மாநகர சபையே வேறு, தெஹிவளை–கல்கிசை. காலி வீதியில் நடந்து போகிறவருக்கு ஒன்று முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஆகவே உங்கள் ஒழுங்கைக்கு எந்த ஜி.எஸ். என்பதைப் பக்கத்துக் கடையில் கேட்பதுதான் சுருக்கமான வழி.

அவர் கிழமையில் எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்க மாட்டார், வெளிவேலை உண்டு. வாசலில் ஒட்டியிருக்கும் நாள் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். கொண்டுபோக வேண்டியவை: இருவரின் அடையாள அட்டை, கல்யாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வீட்டு ஒப்பந்தம், அந்த விலாசத்துக்கு வந்த ஒரு பில், முடிந்தால் ஊர் கிராம அலுவலரிடம் இருந்து ஒரு கடிதம். எல்லாவற்றிலும் இரண்டு போட்டோ பிரதி. இப்படி முதல் தடவையே போய் முகத்தைக் காட்டிவிட்டால், பிறகு வதிவிடச் சான்றிதழ் கேட்டு நிற்கும்போது "நீங்க யார்?" என்ற கேள்வி வராது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு 15 வயதானதும் அடையாள அட்டை விண்ணப்பம் அதிபர் வழியாகப் போகும், மற்றவர்களுக்கு இவர் வழியாகத்தான்.

மொழி ஒரு கவலை என்றால்: படிவத்தைத் தமிழில் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. "தெமள போர்ம் எக்கக் தியெனவாத?" என்று சிரித்த முகத்தோடு கேளுங்கள். பெரும்பாலும் அலுமாரியின் அடித்தட்டில் இருந்து எடுத்துத் தருவார்கள்.

மூன்றாவது: வாக்காளர் இடாப்பு

இதில்தான் நாங்கள் சறுக்கினோம்.

1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வாக்காளர் இடாப்பு ஒவ்வொரு வருடமும் திருத்தப்படுகிறது. ஜி.எஸ். அல்லது அவர் அனுப்பும் ஆள் வீடு வீடாக வருவார். வீட்டில் இருக்கும் வாக்களிக்கத் தகுதியானவர்களின் பெயரைப் பிரதம குடியிருப்பாளர் கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். பி.சி. படிவம் என்று சொல்வது இதைத்தான். நான் "அவர் ஒஃபிஸ் போயிட்டார்" என்று அனுப்பியது இந்த ஆளைத்தான்.

எங்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. "வோட்டு ஊரிலேயே இருக்கட்டும்" என்று மாமியும் சொன்னார். கொழும்பில் இருக்கும் எங்கள் ஆட்கள் பாதிப் பேர் இப்படித்தான். காணி, கோயில், உறவு எல்லாம் அங்கே இருக்கும்போது பெயரை வெட்டினால் வேரையே வெட்டியது போல் ஒரு மனம். மூன்று வருடம் போனது. நாலாம் வருடம் இவர் பெயர் மட்டும் ஏறியது. என் பெயர் அதற்கும் பிறகு. மகளை முதலாம் வகுப்பில் சேர்க்க அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம் போட்ட அன்றைக்குத்தான் கணக்குப் புரிந்தது. வீட்டுக்குக் கிட்ட உள்ள பள்ளி என்ற பிரிவில் விண்ணப்பித்தால் முந்தைய ஐந்து வருட வாக்காளர் இடாப்பைப் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். தாய் தகப்பன் இருவர் பெயரும் இருந்தால் கிடைக்கும் புள்ளி ஒருவர் பெயரோடு கிடைக்காது. எங்கள் வீட்டு பல்கனியில் நின்றால் அந்தப் பள்ளிக்கூடத்து மணி கேட்கும். மகள் இப்போது காலை ஆறே காலுக்குப் பள்ளிக்கூட வேனில் ஏறி வேறெங்கோ போகிறாள்.

ஆகவே செய்ய வேண்டியது: குடிவந்த முதல் வருடமே பெயரைப் பதியுங்கள், இருவர் பெயரையும். முன்பு எங்கே பதிவு இருந்தது என்று தெளிவாகச் சொல்லுங்கள்; ஒருவர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது. வீட்டில் 18 வயதாகும் பிள்ளை இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். கையெழுத்திடும் முன் படிவத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடாப்பைப் பார்வைக்கு வைக்கும்போது போய் உங்கள் பெயரை உங்கள் கண்ணால் பாருங்கள். விடுபட்டிருந்தால் உரிமை கோர அந்த நேரத்தில் இடம் உண்டு. தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் அடையாள அட்டை இலக்கம் போட்டுத் தேடலாம். எழுத்துப் பிழையையும் பாருங்கள். சிவகாமி சிவகமியாக ஏறினால் ஒவ்வொரு வருடமும் அப்படியேதான் வரும்.

நாலாவது: பொலிஸ் படிவம்

நாற்பது வயதைத் தாண்டிய எங்கள் ஆட்களுக்கு இந்தச் சொல்லே வயிற்றைக் கலக்கும். யுத்த காலத்தில் கொழும்பில் பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் கடைக்குப் போகவும் பயம். 2007 ஜூன் 7ஆம் திகதி லொட்ஜ்களில் இருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பியதும், அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டதும் இங்கே யாருக்கும் மறக்கவில்லை. புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு அந்தப் பயம் தேவையில்லை, ஆனால் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தில் 76ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நிலையப் பொறுப்பதிகாரி ஒரு வீட்டுக்காரரிடம் வீட்டில் தங்கியிருப்பவர்களின் பட்டியலைக் கேட்க அது இடம் கொடுக்கிறது. குடும்பத்தவர் யார், வேலைக்கு நிற்பவர் யார், வேறு ஆட்கள் யார் என்று பிரித்துக் காட்டச் சொல்லலாம். இந்தப் பட்டியலைக் கொடுக்க வேண்டிய ஆளும் நீங்கள்தான்.

படிவம் வந்தால் கொண்டுவந்தவரின் பெயரையும் நிலையத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு வாசலில் நின்றபடியே நிரப்ப வேண்டாம். "நிரப்பி நாங்களே கொண்டுவந்து தருகிறோம்" என்று மரியாதையாகச் சொல்லலாம். கேட்டதற்கு மட்டும் உண்மையாகப் பதில் எழுதுங்கள். கொடுப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

ஐந்தாவது: பில்கள்

தண்ணீர் பில் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு யூனிட் என்பது ஆயிரம் லீற்றர், கோளாறு என்றால் 1939. கரண்ட் கோளாறுக்கு 1987. கோட்டே, நுகேகொடை, மொறட்டுவைப் பக்கம் வீடு எடுத்தவர்களுக்குக் கரண்ட் தருவது லெகோ என்ற கொம்பனி, இலக்கம் 1910.

கரண்ட் பில்லில் ஒரு பொறி இருக்கிறது. மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் ஒரு கணக்கு. 60ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் 60 யூனிட்டுக்கும் சேர்த்து வேறு விலை, நிலையான கட்டணமும் ஏறும். கட்டணம் அடிக்கடி மாறுகிறது, இந்த அமைப்பு மாறுவது குறைவு. புதுக் குடித்தனம், இரண்டே பேர், பகலெல்லாம் வேலை என்றால் 60க்குள் நிற்பது முடியாத காரியம் இல்லை. மாதம் இருபதாம் நாள் போல் மீற்றரை ஒருக்கால் பாருங்கள். கீழ் மாடி அக்கா கலண்டரில் பென்சிலால் எழுதி வைப்பார். 52, 55 என்று ஏறினால் அயர்ன் பொக்ஸ் மூன்று நாளைக்கு அலுமாரிக்குள் போய்விடும்.

மாநகர சபைக்குப் போகும் சோலை வரி சொந்தக்காரர் பொறுப்பு. ஆனாலும் ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சொந்த வீடு என்றால் ஜனவரி 31க்குள் முழு வருடத்துக்கும் கட்டிவிடுங்கள், 10 வீதம் கழிவு உண்டு. ஃப்ளாட்டில் மெயின்டனன்ஸ் காசு தனி. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், காவலாளி சம்பளம் எல்லாம் அதில்தான் ஓடுகிறது. "நான் முதலாம் மாடி, எனக்கு லிஃப்ட் எதற்கு?" என்று வாதாடுகிறவர் ஒருவர் ஒவ்வொரு கட்டடத்திலும் இருப்பார். நீங்கள் அவராக வேண்டாம்.

ஆறாவது: குப்பையும் நுளம்பும்

கொழும்புக் குப்பையின் சரித்திரத்தை ஒரு தடவை தெரிந்துகொண்டால் பிரித்துப் போடச் சொல்வது கரைச்சலாகத் தெரியாது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று, கொலன்னாவைக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. 32 பேர் செத்தார்கள். அந்த மலை எங்கள் குசினிகளில் இருந்து போனதுதான்.

இப்போது உக்கும் குப்பை ஒரு பையில், உக்காதது வேறு பையில். மரக்கறித் தோல், மீன் தலை, சோறு எல்லாம் முதலாவதில். மீன் கழிவைப் பத்திரிகைத் தாளில் சுற்றி ஃப்ரீசரில் வைத்து, லொறி வரும் காலையில் வெளியே எடுங்கள். காகமும் நாயும் கிழிக்காது, பக்கத்து வீட்டு அங்கிளும் முறைக்க மாட்டார். உடைந்த கண்ணாடி என்றால் தனியாகக் கட்டி மேலே எழுதிவிடுங்கள், அள்ளுபவர் வெறுங்கையால்தான் தூக்குவார். எந்த நாள் எந்தக் குப்பை என்பது ஒழுங்கைக்கு ஒழுங்கை மாறும். குப்பை லொறியில் வரும் தம்பியிடம் நேரே கேளுங்கள். புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் கையில் ஏதாவது கொடுங்கள்.

டெங்கு விஷயத்தில் சட்டம் கடுமை. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி வளவுக்குள் நுளம்பு பெருகினால் குடியிருப்பவர் பதில் சொல்ல வேண்டும். வழக்குப் போட்டுத் தண்டம் அடிப்பார்கள். 2017இல் நாடு முழுவதும் 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவானது. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் தோட்டத்தை மட்டும் பார்ப்பார் என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டுக்கு வந்தவர் நேரே குசினிக்குப் போய் ஃப்ரிட்ஜை முன்னால் இழுத்தார். பின்பக்கம் அடியில் ஒரு தட்டு இருக்கிறது, உருகும் தண்ணீர் அதில் விழும். அதில் ஒன்றும் இல்லை என்று நானும் அன்றுதான் தெரிந்துகொண்டேன், நல்லவேளை.

முட்டை நுளம்பாக ஒரு கிழமை போதும். அதனால் கிழமைக்கு ஒரு நாளை ஒதுக்குங்கள். எங்களுக்கு ஞாயிறு காலை, தோசைக்கு முன். ஃப்ரிட்ஜ் தட்டு, சாமி அறைப் பூச்சாடி, பூந்தொட்டிக்குக் கீழ் உள்ள தட்டு, ஏ.சி. தண்ணீர் விழும் வாளி, கூரைப் பீலி, வெளியே கிடக்கும் சிரட்டை, யோகட் கப், மொட்டை மாடித் தண்ணீர் டாங்கியின் மூடி. ஐந்து நிமிட வேலை, பீலிக்கு மட்டும் ஏணி வேண்டும்.

காஸைப் பற்றி இரண்டு வரி. சமையல் காஸ் காற்றை விடப் பாரம், கசிந்தால் தரையில் தங்கும். ஆகவே சிலிண்டரைக் கதவு பூட்டிய அலுமாரிக்குள் அடைத்து வைக்க வேண்டாம். புதுச் சிலிண்டர் மாட்டியதும் சவர்க்கார நுரையை ரெகுலேட்டரைச் சுற்றித் தடவிப் பாருங்கள். மணம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போங்கள். தீயணைப்புக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990, அம்புலன்ஸ் இலவசம். இரண்டையும் கதவுக்குப் பின்னால் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

ஏழாவது: ஊரில் இருந்து வருகிறவர்கள்

இதை எந்தப் படிவமும் சொல்லாது. கொழும்பில் நீங்கள் வீடு எடுத்த செய்தி ஊருக்குப் போய்ச் சேர ஒரு கிழமை பிடிக்கும். அதற்குப் பிறகு உங்கள் வீடு பாதி லொட்ஜ். பத்தரமுல்லைக்குப் பாஸ்போட் எடுக்க வருகிறவர், மகரகம ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் வருகிற பெரியம்மா, கனடா போகிற பிள்ளையை வழியனுப்ப வருகிற ஆறு பேர், இன்டர்வியூவுக்கு வந்த, நீங்கள் ஒருபோதும் கண்டிராத சித்தப்பாவின் மச்சானின் மகன். இரவு பஸ் விடிய நாலரைக்கு வெள்ளவத்தையில் இறக்கிவிடும். நாலே முக்காலுக்குக் கதவு தட்டுப்படும்.

வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை, உங்களுக்கும் வராது. அதனால் வீட்டை அதற்குத் தயார்படுத்துங்கள். சுருட்டி வைக்கக்கூடிய இரண்டு மெத்தை, மேலதிகத் திறப்பு ஒன்று, டாங்கியில் தண்ணீர் காலியானால் என்ன செய்வது என்ற ஒரு ஏற்பாடு. காவலாளியிடம் முதல் நாளே பெயரைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவரோடு சிங்களத்தில் மல்லுக்கட்டிக்கொண்டு பெரியம்மா கேற்றில் நிற்பார். ஒரு கிழமைக்கு மேல் தங்குகிறவர் அடையாள அட்டையைக் கையோடு வைத்திருக்கச் சொல்லுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் இத்தனை பேர்தான் என்று எழுதியிருந்தால் சொந்தக்காரருக்கும் ஒரு வார்த்தை.

செலவு விஷயத்தில் மட்டும் முதல் மாதமே புருஷனும் மனைவியும் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். அவருடைய பக்கத்து ஆட்கள், என்னுடைய பக்கத்து ஆட்கள் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினால் 60 யூனிட் எல்லாம் சின்ன விஷயம் ஆகிவிடும். நாங்கள் 'விருந்தாளி டின்' என்று ஒன்று வைத்திருக்கிறோம். மாதம் தொடங்கும்போது இருவரும் அதில் காசு போடுவோம். டின் காலியானால் அந்த மாதம் வருகிறவர்களுக்குப் பருப்பும் சம்பலும். யாரும் இதுவரை குறை சொன்னதில்லை, பெரியம்மா பருப்பு நல்லாயிருக்கு என்று கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வீட்டு வேலைக்கு ஆள் வைத்தால் அவருக்கும் நீங்கள்தான் பொறுப்பு. பள்ளிக்கூட வயதுப் பிள்ளையை 'வீட்டில் ஒரு பிள்ளை மாதிரி வளரட்டும்' என்று மலையகத்தில் இருந்தோ ஊரில் இருந்தோ கொண்டுவந்து வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைச் செய்ய வேண்டாம்.

கடைசியாக: வீட்டை விடும்போது

ஒப்பந்தத்தில் எத்தனை மாத முன்னறிவித்தல் என்று பார்த்து எழுத்தில் கொடுங்கள். கடைசி நாள் இரண்டு மீற்றரையும் மறுபடி படம் எடுங்கள், சொந்தக்காரரை நிற்க வைத்துக்கொண்டு. அட்வான்ஸில் எதைக் கழிக்கிறார் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். எங்களுக்கு முதல் வீட்டில் சுவரில் அடித்த ஆணிகளுக்கு ஒவ்வொன்றாக எண்ணிக் காசு கழித்தார்கள். பதினேழு ஆணி. அதில் ஆறு நாங்கள் வருவதற்கு முன்பே இருந்தவை, ஆனால் அதைக் காட்டப் படம் இல்லை. ஆகவே குடிவரும் அன்று சுவரையும் எடுத்து வையுங்கள்.

ஜி.எஸ்.இடம் போய்ப் புது விலாசத்தைச் சொல்லி, அங்குள்ள ஜி.எஸ்.க்குக் கொடுக்க ஒரு கடிதம் வாங்குங்கள். வாக்காளர் இடாப்பில் பழைய வீட்டில் பெயர் கிடக்க விடாதீர்கள். கடைசிப் பில்களைக் கட்டிய துண்டுகள், ஒப்பந்தம், படிவப் பிரதிகள் எல்லாம் ஒரே ஃபைலில். என்னுடையது நீல நிறம், கதவுக்குப் பக்கத்தில் செருப்புத் தட்டுக்கு மேல் தொங்குகிறது. போன மாதமும் ஒருவர் வந்து கதவைத் தட்டி, அதே கேள்வியைக் கேட்டார். "மம தமய், எதுலட்ட என்ட", நான்தான், உள்ளே வாங்க என்று சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டேன்.